ஆறு மாத விசாவும் பதினான்கு மாதக் குட்டியும்

மூன்று கிழமைக்கு முன்னர் ஓரிரவு, இங்கே கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் பத்து மணியாகி நான் நுளம்புவலைக்குள் போய்விட்ட பிறகு, இங்கிலாந்திலிருந்து மகள் தொலைபேசி எடுத்தாள். பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் அமைப்பிலிருந்து கேட்டிருக்கிறார்களாம், இரண்டாவது குட்டி ஒன்றை வளர்த்துத் தர முடியுமா என்று. "என்ன சொல்லுறியள் அம்மா?" என்றாள். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். மூன்று கிழமை ஓடிவிட்டது. முதலாவது குட்டியின் முதல் ஆறு மாதத்தை என் கையால் வளர்த்தவள் என்பதாலும், பிறகு இந்த ஒழுங்கையிலேயே இன்னொரு குட்டியை இன்னொருவருக்காக வளர்த்துக் கொடுத்தவள் என்பதாலும் எனக்கு இதில் சொல்ல இருப்பது கொஞ்சம் அதிகம். இப்படியான தொண்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய கணக்கில் தமக்கே தெரியாமல் சேர்க்கப்பட்டுவிடும் தாய் தகப்பன்மாருக்கும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எனக்கே அது விளங்க இரண்டு மாதம் எடுத்தது. ஏறத்தாழ எட்டு வாரக் குட்டியைக் கொண்டுவந்து தருகிறார்கள். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை வீட்டில் வைத்திருந்து, வீட்டுப் பழக்கம், தெருப் பழக்கம், மனிதரோடு பழகும் பழக்கம் மூன்றையும் ஊட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதுகில் பிடிச்சட்டம் பூட்டி ஆளை வழிநடத்தக் கற்பிப்பது அதன் பிறகு தேர்ந்த பயிற்றுநர்கள் பல மாதம் எடுத்துச் செய்கிற காரியம். நடை வேகமும் குணமும் பொருந்திய ஒரு விழிப்புலனற்றவரிடம் நாய் போய்ச் சேரும்போது அதற்கு இரண்டு வயதளவில் இருக்கும். பத்து வயதளவில் ஓய்வு. குட்டிகளில் கணிசமானவை இடையிலேயே தகுதி பெறாமல் விலக்கப்படுகின்றன. உணவுச் செலவையும் மருத்துவச் செலவையும் சில அமைப்புகள் ஏற்கின்றன, சிலவற்றில் வளர்ப்பவரே ஏற்க வேண்டும். கையெழுத்திடும் முன்னரே அதைக் கேட்டுவிடுவது நல்லது. மகளின் வீட்டில் சாப்பாட்டுப் பையும் மிருக வைத்தியரின் கட்டணமும் அமைப்பின் கணக்கில் போயின. அவர்கள் கையிலிருந்து போனது நேரம்.

2023 பங்குனியில் நான் போய் இறங்கியபோது விண்ணப்பம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. வீடு பார்க்க வந்த மேற்பார்வையாளர், குட்டி ஒரு நாளில் தொடர்ந்து எத்தனை மணித்தியாலம் தனித்திருக்கும் என்று கேட்டார். வளர்ந்த நாயென்றாலும் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, சின்னக் குட்டிக்கு அதுவும் ஆகாது என்பது அவர்களின் கணக்கு. மகள் கிழமையில் இரண்டு நாளும் மருமகன் மூன்று நாளும் அலுவலகம் போவார்கள், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. புதன்கிழமை மட்டும் இருவரும் போயாக வேண்டும். "புதன்கிழமையில அம்மா நிப்பா" என்று மகள் மேற்பார்வையாளருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எனக்குத் தமிழிலும் சொன்னாள். நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அம்மாவின் விசா ஆறு மாதம் என்பதை அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை, நானும் வாய் திறக்கவில்லை. குட்டி நிற்கப்போவதோ பதினான்கு மாதம்.

அன்றிரவு மகளிடம் குட்டி வேண்டாம் என்றேன். அதற்குக் காரணம் விசா அல்ல. 2009 தை மாதம், கிளிநொச்சி விழுந்த பின்னர் நாங்கள் வட்டக்கச்சியை விட்டுத் தருமபுரம் பக்கம் வெளிக்கிட்டபோது, எங்கள் நாய் வீரன் உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடிவந்தது. பெட்டிக்குள் நெல் மூட்டைகளும் பதினொரு பேரும் இருந்தோம். கொஞ்சத் தூரம் வரை அதன் தலை தெரிந்தது, பிறகு சைக்கிள்களும் மாடுகளும் இடையில் வந்துவிட்டன. மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. 2010இல் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கிய நாட்களில் அயலவர் குட்டி தந்தபோதும் அவள் வாங்க விடவில்லை. அப்படிப்பட்டவள், திருப்பிக் கொடுப்பதற்கென்றே ஒரு நாயை எழுதிக் கேட்டிருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? "குடுக்கிற நாள் தெரியும்தானே அம்மா, எனக்கு அது காணும்" என்றாள். விண்ணப்பப் படிவத்தில் தோட்டத்து வேலியின் உயரத்தைக் கூடக் கேட்கிறார்கள். இதற்கு முன் எதை இழந்தீர்கள், அது எப்படி நடந்தது என்ற கேள்வி அதில் இல்லை. எங்களைப் போன்ற ஊர்களில் பிறந்தவர்கள் அந்தக் கேள்வியைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். மகள் அதைத் தன்னிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

சித்திரையில் குட்டி வந்தது. லப்ரடோரும் கோல்டன் ரிட்ரீவரும் கலந்தது, தேங்காய்ப்பூவில் பால் பிழிந்தெடுத்த சக்கையின் நிறம். அமைப்பு வைத்த ஆங்கிலப் பெயர் என் வாயில் வராததால் நான் "ராசா" என்று கூப்பிட்டேன். மகள் பெயரைச் சொன்னாள், மருமகன் அதைச் சுருக்கிச் சொன்னார். அடுத்த முறை வந்த மேற்பார்வையாளர் இதைக் கேட்டுவிட்டு, குட்டிக்கு மூன்று வீட்டில் வளர்வது போல இருக்கும் என்றார். முப்பத்தொரு வருடம் முதலாம் இரண்டாம் வகுப்புகளுக்குப் படிப்பித்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு செயலுக்கு ஒரு சொல், அதை எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும் என்று குளிரூட்டியின் கதவில் எழுதி ஒட்டினோம்.

மலசலப் பழக்கம்தான் முதற் பாடம். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடிந்ததும் கழுத்துப்பட்டியில் வார் பூட்டித் தோட்டத்தின் ஒரே மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அது வெளிக்கு இருக்கும்போது "பிசி பிசி" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். சில கிழமையில் சொல்லைக் கேட்டதும் இருக்கப் பழகிவிடும். பார்வையற்ற ஒருவர் நடுவீதியில் போகும்போது நாய் நினைத்த இடத்தில் இருந்தால் அவர் எங்கே தேடித் துடைப்பார் என்று மேற்பார்வையாளர் கேட்டபோதுதான், இரவு இரண்டு மணிக்கு மருமகனின் குளிர்ச்சட்டையைச் சீலைக்கு மேல் போட்டுக்கொண்டு அந்தக் குளிரில் நிற்பதில் ஓர் அர்த்தம் இருப்பதாக எனக்குப் பட்டது. காரணம் தெரிந்த பிறகு எந்த விதியும் எனக்குக் கடினமாக இருக்கவில்லை. மேசைச் சாப்பாடு கொடுக்கக் கூடாது, ஏனெனில் உணவுக்கடையில் அடுத்த மேசையின் வாசனைக்கு நாய் இழுத்தால் ஆள் விழுவார். பந்தை எறிந்து துரத்த விடக் கூடாது, ஏனெனில் பிற்காலத்தில் வீதியின் மறுபக்கம் ஒரு பந்து உருளக்கூடும். ஆட்கள் மேல் பாயும்போது "பாவம், சின்னன்தானே" என்று தடவக் கூடாது, ஏனெனில் அது சின்னனாகவே இருக்கப்போவதில்லை. இவற்றில் எனக்கு முழங்கால் மடிந்தது சாப்பாட்டு விடயத்தில்தான். நான் கையால் குழைத்துச் சாப்பிடுகிறவள். எதிரே இருந்து இரண்டு கண் பார்த்துக்கொண்டிருந்தால் உருண்டை தானாக உருளும். ஒருநாள் மீன்குழம்புச் சோற்றில் ஓர் உருண்டை வைத்துவிட்டேன். அதன் பின் இருபது நாளுக்கு, நான் தட்டை எடுத்தாலே அது கதிரைக்குக் கீழே வந்து மூச்சு வாங்கியது.

தடுப்பூசி எல்லாம் முடியும் வரை வெளியே நிலத்தில் விடக் கூடாது, ஆனால் உலகத்தைப் பயமின்றி ஏற்கும் பருவம் பன்னிரண்டு பதினான்கு வாரத்தோடு பெரும்பாலும் மூடிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால், குட்டியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்திலும் புகையிரத நிலையத்திலும் போய் இருப்போம். நான் சீலையும் சப்பாத்துமாக, பையிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்க்க, தினமும் பத்து நிமிடம் அங்கே இருந்து பேருந்தின் பிரேக் சத்தத்தைக் கேட்க வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். ஆங்கிலம் தெரியாத எனக்கு அந்த ஊரில் அத்தனை பேர் வணக்கம் சொன்னது அந்தக் குட்டியால்தான். பிறகு கடைகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினோம். அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பயிற்றப்பட்ட உதவி நாயோடு வருபவரைக் கடைக்காரர் மறிக்காமல் காக்கிறது; பழகும் குட்டிக்கு அந்தக் காப்பு அதே அளவில் இல்லை, கடைக்காரரின் மனம்தான் வழிவிட வேண்டும். எங்களை வாசலில் மறித்தவர் ஒருவர் மட்டும்தான். அவர் நம் ஊர்க்காரராக இருந்தது எனக்கு அன்று முழுவதும் ஒரு மாதிரியாக இருந்தது.

புரட்டாசியில் நான் திரும்பி வந்தேன். மூன்றாவது புதன்கிழமை தொலைபேசியில் மகளின் குரலிலேயே விளங்கிவிட்டது. தற்காலிகமாகக் குட்டி பார்க்கும் தொண்டர்கள் அமைப்பில் இருந்தார்கள், ஆனால் அவர்கள் அவசரத்துக்கும் விடுமுறைக்கும் உரியவர்கள். ஒவ்வொரு கிழமையும் கேட்க முடியாது. மருமகன் தன் அலுவலக நாளை மாற்றக் கேட்டுக் கிடைக்கவில்லை. ஒரு புதன் காலை எட்டிலிருந்து பின்னேரம் இரண்டரை வரை குட்டி தனியே இருந்தது. கதவுச் சட்டத்தைக் கடித்ததைப் பூசி மறைத்துவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து, யாராவது சாவியைக் கையில் எடுத்தாலே அது ஊளையிடத் தொடங்கியது. அந்தப் பயத்தைத் தீர்க்க, அரை நிமிடம் வெளியே நின்று வருவது, பிறகு ஒரு நிமிடம், பிறகு மூன்று என்று இரண்டு மாதம் பிடித்தது. ஒரு நாள் தவறுக்கு இரண்டு மாதம்! மகளுக்கும் மருமகனுக்கும் இடையில் அந்த நாட்களில் விழுந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. எல்லாவற்றையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, இங்கே கிணற்றடியில் நின்று நான் யோசித்தது ஒன்றுதான்: அந்த வீட்டுக்கு வந்த மேற்பார்வையாளரிடம் நான் அன்று வாய் திறந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆனியில் வாகனம் வந்து குட்டியை ஏற்றிப் போனதை வட்ஸ்அப்பில் பார்த்தேன். மகள் அழவில்லை, மருமகன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐப்பசியில், புறாவைக் கண்டால் கவனம் சிதறுவது எத்தனை முயன்றும் மாறவில்லை என்று சொல்லிப் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டார்கள். வளர்த்தவர்களுக்கே முதலில் கேட்பது வழக்கம் என்பதால், வைத்துக்கொள்கிறீர்களா என்று மகளிடம் கேட்டார்கள். அவள் ஒரு நாள் அவகாசம் கேட்டு, பிறகு மறுத்துவிட்டாள். காரணம் அதே புதன்கிழமை. சிறுபிள்ளை உள்ள வேறொரு வீட்டுக்கு அது போயிருக்கிறது.

இனி எங்கள் ஒழுங்கையின் கதை. நான்கு வளவு தள்ளி ஒரு தம்பி இருக்கிறார். 2009இல் எறிகணைச் சிதறலில் இரண்டு கண்ணையும் இழந்தவர், பிரம்புக் கதிரை பின்னிப் பிழைப்பவர். நான் இங்கிலாந்தால் வந்து குட்டியின் படங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ரீச்சர், அங்க வளத்த மாதிரி எனக்கொரு குட்டியை வளத்துத் தர ஏலுமோ?"

இப்படியான பள்ளிகள் தொடங்கியதே போரில் கண்ணிழந்தவர்களுக்காகத்தான் என்று அவருக்குச் சொன்னேன். 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த படையினருக்காகத் திறந்தார்கள். பிரித்தானியாவில் 1931இல் வாலசி என்ற ஊரில் நான்கு நாய்களோடு தொடங்கினார்கள். "அப்ப எங்களுக்கு எப்ப திறப்பினம்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிதிவெடி அகற்றிய காலத்தில் மோப்ப நாய்களைக் கண்டவர்கள் நாங்கள். நாயால் எதுவும் முடியும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் அதிகம். அந்த நாய்களுக்குப் பின்னால் ஒரு பயிற்சிக்கூடமும் கயிற்றைப் பிடித்த கையாளுநரும் இருந்ததை யாரும் எண்ணுவதில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு முடியாது என்றேன். வழிகாட்டி நாய்க்குப் போகும் இடம் தெரியாது. இடமும் வலமும் சொல்ல வேண்டியவர் மனிதர், தடைகளைச் சுற்றிப் போவதும் நடைபாதை விளிம்பில் நிற்பதும் வாகனம் வந்தால் "போ" என்றாலும் போக மறுப்பதும் நாயின் பங்கு. எங்கள் ஒழுங்கையில் விளிம்பே இல்லை. கிரவல் முடிகிற இடத்தில் வாய்க்கால் தொடங்குகிறது. கண்டி வீதிக்குப் போனால் லொறிகள், பாதையெங்கும் கட்டாக்காலி நாய்கள். வழிநடத்திக்கொண்டிருக்கும் நாயை இன்னொரு நாய் ஒருமுறை பிடுங்கினால் அது பிறகு வேலை செய்யாமலே போகக்கூடும். நாயின் பாதம் சூட்டைத் தாங்குமா என்று நண்பகல் தாரில் புறங்கையை ஏழு செக்கன் வைத்துப் பார்த்தேன், மூன்றில் எடுத்துவிட்டேன். பேருந்தில் ஏற்றுவார்களா என்பது அடுத்த கேள்வி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நான் வளர்ப்பதற்கு மட்டும் தெரிந்தவள். பயிற்றுநரும், ஆளோடு சேர்த்துப் பழக்குபவரும், பிறகு வந்து பார்ப்பவரும் இல்லாமல் அரைகுறையாகப் பழகிய நாயை நம்பி ஒருவர் வீதியில் இறங்கினால், அவரிடம் இப்போது இருக்கும் வெள்ளைப் பிரம்பின் நிதானத்தையும் நான் பறித்தவளாவேன்.

அவர் பிரம்பால் விறாந்தைப் படியை இரண்டு தரம் தட்டிவிட்டு, "அப்ப படலை திறந்தால் குரைக்கிற, காலுக்குள்ள படுக்காத நாய் ஒண்டாவது?" என்றார். அது என்னால் முடிந்த வேலை.

அரிசி ஆலையடியில் யாரோ விட்டுப்போன ஊர்க்குட்டி ஒன்றை எடுத்தேன். பெண் குட்டி என்பதால் ஒருவரும் எடுக்கவில்லை. விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, காது மடலுக்குள் நெல்மணி போல ஒட்டிக்கிடந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். "இரு", "நில்", "வேண்டாம்" என்று மூன்று சொல்லும் தமிழில். குறுக்கே படுத்து அவர் தடுக்கி விழக்கூடாது என்பதால், விறாந்தையின் இடது மூலையில் ஒரு சாக்கை விரித்து, படுப்பதென்றால் அங்கே மட்டும் என்று பழக்கினேன். கழுத்தில் ஆட்டுமணி கட்டியது அவருடைய யோசனை. நாய் எங்கே நிற்கிறது, எழும்புகிறதா, சொறிகிறதா என்பதெல்லாம் அவருக்கு மணியில் தெரிந்தது. தெருவில் கிடப்பதை வாயில் எடுக்காமல் இருக்கப் பழக்குவதற்குத்தான் கூடக் காலம் எடுத்தது. எங்கள் ஊரில் கோழி எலும்பும் எலி மருந்தும் ஒரே வேலியோரத்தில் கிடக்கும். மகளின் குட்டியில் நான் செய்யத் தவறியதை இதில் முதலிலேயே செய்தேன்: யார், எந்த நேரம், எத்தனை மாதம் என்று தாளில் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் மாதத்திலிருந்து பின்னேரச் சோறு வைப்பது அவர் என்று ஒப்பந்தம். மழையென்றாலும் பிரம்பைத் தட்டிக்கொண்டு வந்து வைப்பார்.

ஆறாம் மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் விடிய ஐந்து மணிக்கு எங்கள் படலையடியில் மணி கேட்டது. திறக்கக் கூடாது, சோறு வைக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது என்பது நானே எழுதிய விதி. அது பனைமட்டை வேலியின் இடுக்கில் மூக்கை நுழைத்து மூச்சை இழுத்து விட்டது. மட்டையில் பட்டு மணி இரண்டு தரம் கிணுங்கியது. நான் குசினிக்குள் போய் வானொலியைப் போட்டேன். அரை மணித்தியாலத்தில் பிரம்புச் சத்தம் வந்தது, பெயரைக் கூப்பிடும் சத்தமும் வந்தது, மணி மெல்ல மெல்லத் தூரமாகியது. இப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் மணி வரவில்லை. ஐந்தரை மட்டும் பார்த்துவிட்டு, நானே படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கி எட்டிப் பார்த்தேன். அவருடைய விறாந்தையின் இடது மூலையில் சாக்குக்கு மேல் அது படுத்திருந்தது.

நேற்றிரவு மகளுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். இரண்டாவது குட்டியை எடுக்காதே என்று சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. "பதினாலு மாசத்தில எத்தனை புதன்கிழமை வரும் எண்டு எண்ணிப் பார். ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஆர் வீட்டில நிக்கிறது எண்டு பேரெழுதி எனக்கு அனுப்பு. அம்மான்ர பேரை எழுதாதை" என்றேன். இரண்டு நீலக் கோடும் விழுந்திருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை.